அழைப்பிதழில் இருக்கும் சாவி

கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது பேப்பர்காரரிடம் சொல்லிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறோம். ஆளில்லாத வீடு என்று வெளியே தெரியக் கூடாதல்லவா! ஆனால் நம்மில் பலர் புது தில்லி ரயில் நிலையத்தில் நின்றபடியே, 'இனி இருபது நாள் ஊரில்தான்' என்று ஃபேஸ்புக்கில் படம் போட்டுவிடுகிறோம்.

சொந்த மண்ணைவிட்டுத் தொலைவில் வாழும் நமக்கு ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உறவுகளைப் பக்கத்தில் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றை ஒதுக்கத் தேவையில்லை. எதைப் போடுகிறோம், யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். ஒவ்வொரு தகவலும் தனியே பார்த்தால் சாதாரணம். சேர்த்து வைத்துப் பார்ப்பவனுக்கோ அது சாவிக்கொத்து.

அறுபதாம் கல்யாண அழைப்பிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், விலாசம், கைபேசி எண், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. அறுபது என்றதுமே பிறந்த ஆண்டும் தெரிந்துவிடும். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் என்ன? ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான்! அந்தக் கோப்பையும் ஏதாவதொரு குழுவில் அனுப்பிவிட்டால், பெட்டியோடு சாவியையும் கொடுத்ததாகிவிடும். ஆதார் கேட்பவர்களுக்கு, கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' இருக்கிறது. பல இடங்களில் அதுவே போதும்.

ரயில் டிக்கெட் உறுதியாகவில்லை என்று டிக்கெட் படத்தையும் கைபேசி எண்ணையும் எல்லோரும் பார்க்கும்படி போடுவது மற்றொரு ஆபத்து. ரயில்வேயிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று எவனோ அழைப்பான். பணம் நம் கணக்கில் வருவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்பவன் பணத்தை எடுக்கத்தான் கேட்கிறான்.

நம் படத்தையும் பெயரையும் வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி, 'ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு' என்று உறவினர்களுக்குச் செய்தி அனுப்புவோரும் உண்டு. அப்படி வந்தால், ஏற்கெனவே தெரிந்த பழைய எண்ணுக்கு நாமே பேசிப் பார்த்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. பயணப் படங்களை வீடு திரும்பிய பிறகு போடுங்கள்.

2. அழைப்பிதழை வேண்டியவர்களுக்குத் தனித்தனியே அனுப்புங்கள்.

3. வாட்ஸ்அப்பில் 'டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்' வசதியை இயக்கி, ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். முகப்புப் படம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியட்டும்.

4. ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

5. பணம் பறிபோனால் வெட்கப்பட்டுத் தயங்காமல் உடனே 1930 எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். விரைந்து சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

ஓய்வூதியத்தையும் சேமிப்பையும் நம்பி வாழும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் பலர். அவர்களுடைய கைபேசியில் இவற்றைச் சரிசெய்து கொடுக்கப் பத்து நிமிடம் போதும். வீட்டிலுள்ள இளைஞர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே அதைச் செய்துவிடலாமே!