பதினாறு வருடத் தேடல்

உங்கள் பெண் குழந்தைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "உம்மா", "வாப்பா" என்று அழைக்கிறாள். பிஸ்கட் துண்டைத் தானே பிடித்துக் கடிக்கிறாள். பிறகு சில மாதங்களில், வந்த சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்விடுகின்றன. பிஸ்கட்டைப் பிடித்த விரல்கள் இப்போது எதையும் பிடிப்பதில்லை. இரண்டு கைகளும் நெஞ்சருகே வந்து, சோப்புப் போட்டுக் கழுவுவது போல, துணி பிழிவது போல, விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கின்றன.

இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வீட்டுக்கு வருபவர்கள் யாரைக் கேள்வி கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வயிற்றில் இருக்கும்போது என்ன சாப்பிட்டாய்? எங்கே வழுக்கி விழுந்தாய்? யாருடைய கண்ணூறு பட்டது? எல்லாக் கேள்விகளும் தாயை நோக்கித்தான் வரும். அந்தக் கேள்விகளுக்கு உரிய விடையைத் தேடிக் கண்டவர்களில் முதன்மையானவர் ஒரு பெண் வைத்தியர். லெபனானின் பெய்ரூத் நகரில் 1954இல் பிறந்தவர். பெயர் ஹுதா அல்ஹிப்ரி. திருமணத்தின் பின் ஹுதா ஸோக்பி என்று உலகம் அறிந்தது.

ஹுதாவுக்குச் சிறு வயதில் விஞ்ஞானத்தில் அப்படியொன்றும் மோகம் இருக்கவில்லை. அவர் விரும்பியது இலக்கியம். அரபுக் கவிதைகளும் ஷேக்ஸ்பியரும்தான் உலகம். இலக்கியமே படிக்கப்போகிறேன் என்று நின்ற மகளிடம் உம்மா சொன்ன யோசனை வேறு. எங்கள் பகுதியில் ஒரு பெண் தன் காலில் நிற்க வேண்டுமென்றால் வைத்தியம் படிப்பதே நல்லது, வைத்தியராக இருந்துகொண்டும் எழுதலாம், எழுத்தாளராக இருந்துகொண்டு வைத்தியம் பார்க்க முடியாது என்பது அவர் வாதம். மகளின் ஆசையை உம்மா தட்டிவிட்டார் என்று சிலர் குறை சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதவை மூடாமல் வேறொரு கதவைக் காட்டிய தாய் அவர்.

1975இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பைத் தொடங்கினார். அதே வருடம் லெபனானில் உள்நாட்டு யுத்தமும் தொடங்கியது. வீட்டுக்கும் வளாகத்துக்கும் இடையில் போய்வருவது உயிராபத்தாகியது. மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே ஒதுங்கிப் படுத்து அந்த வருடத்தை முடித்தார்கள். இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வருட முடிவில் அவருடைய தம்பி ஷெல் துண்டு பட்டுக் காயமடைந்தார். பெற்றோர் பயந்து, விடுமுறைக்கு என்று சொல்லிப் பிள்ளைகளை அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருந்த மூத்த மகளிடம் அனுப்பினார்கள். விடுமுறை முடிந்தது. யுத்தம் முடியவில்லை. திரும்பிப் போக வழியில்லை.

படிப்பு பாதியில். எந்த மருத்துவக் கல்லூரியும் இடையில் வந்த மாணவியைச் சேர்க்கத் தயாரில்லை. கடைசியில் இடம் கொடுத்தது நாஷ்வில் நகரின் மெஹாரி மருத்துவக் கல்லூரி. கறுப்பின மக்களுக்குப் படிக்க இடமில்லாதிருந்த காலத்தில், 1876இல் அவர்களுக்காகவே தொடங்கப்பட்ட கல்லூரி அது. பெய்ரூத்தில் உடன் படித்த வில்லியம் ஸோக்பியும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் மணம் முடித்தார்கள். ஹியூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரியில் ஹுதா சிறுவர் நரம்பியல் வைத்தியரானார்.

1983இல் அவரிடம் ஒரு சிறுமி கொண்டுவரப்பட்டாள். நன்றாக வளர்ந்து, பேசி, விளையாடிய பிள்ளை, எல்லாவற்றையும் இழந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள். இந்த நோயை வியன்னாவில் அண்ட்ரியாஸ் ரெட் என்ற சிறுவர் வைத்தியர் 1954இலேயே கவனித்திருந்தார். தம் வைத்தியசாலையில் காத்திருந்த இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரிக் கைகளைப் பிசைவதைக் கண்டது அவர் கண். 1966இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். வெளியே பெரிதாக யாரும் வாசிக்கவில்லை. சுவீடனின் பெங்ட் ஹாக்பெர்க்கும் கூட்டாளிகளும் 35 சிறுமிகளைப் பற்றி 1983இல் ஆங்கிலத்தில் எழுதிய பின்னர்தான் உலகம் விழித்துக்கொண்டது. ஏறத்தாழப் பத்தாயிரம் பெண் பிள்ளைகளில் ஒருவருக்கு வருவது ரெட் நோய்.

அந்தக் கட்டுரையைப் படித்திருந்த ஹுதாவுக்குச் சந்தேகம் தட்டியது. சில நாட்களில் இன்னொரு சிறுமி. அவளுக்கு மூளைவாதம் என்று எழுதிவைத்திருந்தார்கள். பழைய பதிவுகளைத் தேடியபோது மேலும் பிள்ளைகள் கிடைத்தார்கள். எல்லாரும் பெண்கள். கதை எல்லாருக்கும் ஒன்றே. இத்தனை ஒத்துப்போகும் நோய்க்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும், அது பரம்பரையலகில்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார்.

மூத்தவர்கள் தடுத்தார்கள். தடுத்ததிலும் நியாயம் இருந்தது. பரம்பரை நோயென்றால் ஒரே குடும்பத்தில் பலருக்கு வர வேண்டும். அவர்களை ஒப்பிட்டுத்தான் பரம்பரையலகைத் தேட முடியும். ரெட் நோயோ எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வருகிறது. ஆய்வுகூட வேலையை அடியிலிருந்து கற்றுக்கொள்ள 1980களின் நடுவில் அவர் ஆர்தர் போடே என்ற பேராசிரியரிடம் மாணவியாகச் சேர்ந்தார். மற்றொரு நரம்பு நோயையும் கையிலெடுத்தார். நடை தள்ளாடி, தலைமுறை தலைமுறையாக வரும் அந்த நோயின் பரம்பரையலகை அவரும் மினசோட்டாவின் ஹரி ஓரும் 1993 ஏப்ரல் 8ஆம் திகதி, ஒரே நாளில் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ரெட் தேடல் மட்டும் முடியவில்லை. சகோதரிகள் இருவருக்கும் நோய் வந்த மிகச் சில குடும்பங்களை வைத்து, எக்ஸ் நிறமூர்த்தத்தின் ஒரு முனை வரை தேடலைச் சுருக்கி, அங்குள்ள பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார்கள். 1999இல் அவருடைய ஆய்வுகூடத்தில் ருத்தி அமீர் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அதைக் கண்டார். அதன் பெயர் மெக்பி-2.

அது என்ன வேலை செய்கிறது? உங்கள் உம்மாவின் சமையல் கொப்பி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரதி எடுத்து ஒவ்வொரு மகளும் தன் வீட்டில் வைத்திருக்கிறாள். எல்லாக் கொப்பியிலும் எல்லாக் குறிப்பும் உண்டு. ஆனால் நோன்புக் கஞ்சிப் பக்கம் ஒரு மாதத்தில் திறக்கப்படும், வட்டிலப்பப் பக்கம் பெருநாளில் திறக்கப்படும். நம் உடலும் அப்படித்தான். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஏறத்தாழ 20,000 பரம்பரையலகுகள் உண்டு. ஈரற் கலத்திலும் மூளைக் கலத்திலும் ஒரே கொப்பிதான். எந்தப் பக்கம் திறக்கும், எது மூடியிருக்கும் என்பதில்தான் வித்தியாசம். பக்கங்களின் மேல் சிறு இரசாயன அடையாளங்கள் இடப்பட்டிருக்கும், பென்சிலால் குறித்துவைப்பது போல. அந்த அடையாளங்களை வாசித்து அங்கே போய் அமரும் புரதத்தை உண்டாக்குவதே மெக்பி-2. அந்தப் புரதத்தை எடின்பரோவின் ஏட்ரியன் பேர்ட் குழுவினர் 1992இலேயே கண்டிருந்தார்கள். அது பழுதானால் ஒரு நோய் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அது பழுதானால் மூளைக் கலங்களில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் சற்றே கூடியும் குறைந்தும் திறக்கின்றன.

ஏன் பெண் பிள்ளைகளுக்கு? வீட்டில் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனை இருந்தால் பாருங்கள். அது அநேகமாகப் பெண் பூனைதான். பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு. அவற்றில் ஒன்று ஒவ்வொரு கலத்திலும் மூடப்பட்டுவிடும். எது மூடப்படும் என்பது கலத்துக்குக் கலம் மாறும். 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சொன்னது இது. கறுப்பு நிற எக்ஸ் வேலை செய்யும் இடத்தில் கறுப்புத் திட்டு, மற்றது வேலை செய்யும் இடத்தில் செம்மஞ்சள் திட்டு. ரெட் நோயுள்ள பிள்ளையின் மூளையும் அப்படித் திட்டுத் திட்டாக இருக்கிறது. ஏறத்தாழப் பாதிக் கலங்கள் நல்லவை, பாதி பழுதானவை. அந்த நல்ல பாதிதான் அவளை வாழ வைக்கிறது. ஒரே எக்ஸ் உள்ள ஆண் குழந்தைக்கு இதே பழுது வந்தால் பெரும்பாலும் சிசுப் பருவத்தைத் தாண்டுவதில்லை.

இனி, தாயிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு வருவோம். இந்த விகாரம் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளிலும் புதிதாக, தற்செயலாக நேர்ந்தது. அதிலும் பெரும்பாலும் தந்தையிடமிருந்து வந்த எக்ஸிலேயே நேர்ந்திருக்கிறது. இதைச் சொல்வது வாப்பாமாரைக் குற்றம் சொல்வதற்கல்ல. கலம் தன் கொப்பியைப் பிரதி எடுக்கும்போது ஓர் எழுத்துத் தவறுவது எவர் கையிலும் இல்லை. கர்ப்பத்தில் சாப்பிட்ட அன்னாசிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஹுதா அத்துடன் நிற்கவில்லை. குறைந்தால் நோய் என்றால் கூடினால் என்ன? 2004இல் எலிகளில் அந்தப் புரதத்தை இரண்டு மடங்காக்கிப் பார்த்தார். அவையும் நோயுற்றன. 2005இல் ஆண் பிள்ளைகளிலும் அப்படியொரு நோய் அறியப்பட்டது. இந்தப் பரம்பரையலகு இரட்டித்துப்போன பிள்ளைகள் அவர்கள். உப்பில்லாக் கறியும் வாயில் வைக்க முடியாது, உப்புக் கூடிய கறியும் அப்படித்தான். 2007இல் பேர்ட் குழுவினர் நோயுற்ற எலிகளில் பரம்பரையலகை மீண்டும் இயங்க வைத்தபோது, வளர்ந்த எலிகளே தேறி எழுந்தன. மூளைக் கலங்கள் செத்துவிடவில்லை என்று அன்று தெரிந்தது. 2015இல் ஹுதாவின் குழு மறுபக்கத்தையும் காட்டியது. கூடிய அளவைக் குறைத்தபோது அந்த எலிகளும் தேறின. ஹுதாவும் பேர்டும் 2016இல் ஷா பரிசையும் 2020இல் மூளை ஆய்வுக்கான டென்மார்க் பரிசையும் பகிர்ந்துகொண்டார்கள். இதற்கிடையில் இரு பிள்ளைகளை வளர்த்தெடுத்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவில் டிரோஃபினெடைட் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. சில அறிகுறிகளைத் தணிக்கும், நோயை மாற்றாது. நல்ல பரம்பரையலகையே உடலுக்குள் செலுத்தும் சோதனைகளும் 2023இல் மனிதரில் தொடங்கின. சிக்கல் நமது பூனையிலும் உப்பிலும்தான் இருக்கிறது. செலுத்தும் மருந்து பழுதான கலத்துக்கும் போகும், ஏற்கெனவே சரியாக உள்ள பாதிக் கலங்களுக்கும் போகும். அங்கே அளவு இரண்டு மடங்காகிவிடக் கூடாது. அந்த அளவைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.