பால் மறக்கும் காலம்

வீட்டில் இரண்டு வயதுத் தம்பி. பகல் முழுவதும் சோறு, இட்லி, வாழைப்பழம் என்று எல்லாமே சாப்பிடுகிறான். இரவு வந்தால் மட்டும் அம்மா மடியில் ஏறிப் பால் கேட்டு அழுகிறான். "போதும், நிறுத்திடு. கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவினால் தானாக விட்டுவிடுவான்" என்கிறார் பாட்டி. அம்மா தலையாட்டுகிறார். ஆனால் ஐந்து நிமிடம் அழுகைச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறார். நிறுத்தவும் ஆசை, நிறுத்த மனமும் இல்லை!

பினாங்கில் பல வீடுகளில் நடக்கும் காட்சிதான் இது. அம்மாவுக்கு ஏன் இந்த இரண்டு மனம்? இதற்குள் உயிரியல், வேதியியல், கொஞ்சம் வரலாறும் இருக்கின்றன.

நான்கு மொழி, நான்கு சொல்

ஜார்ஜ்டவுன் தெருக்களில் கேட்கும் மொழிகளில் இதற்கு என்ன சொல் என்று பாருங்கள். மலாயில் 'செராய் சூசு', அதாவது பாலிலிருந்து பிரிதல். கணவன் மனைவி மணவிலக்குக்கும் இதே 'செராய்'தான். சீனத்தில் 'துவான் நாய்', பாலைத் துண்டித்தல். ஆங்கிலத்தில் 'வீன்'. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் பழக்கப்படுத்துதல். தமிழில் நாம் 'பால் மறத்தல்' என்கிறோம். பிரிவு, துண்டிப்பு, பழக்கம், மறதி: நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

கேட்டால் சுரக்கும், கேட்காவிட்டால் நிற்கும்

குழந்தை வாய்வைத்துக் குடிக்கும்போது மார்புக் காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வெளிவருகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்கச் சொல்கிறது. ஆக்சிடோசின் உண்டான பாலைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. ஆக்சிடோசினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தாய்க்கும் சேய்க்கும் நெருக்கமும் அமைதியும் தரும் உணர்வோடும் அது தொடர்புடையது.

குழந்தை குடிப்பதைக் குறைத்தால், மார்பில் தேங்கும் பாலே "போதும்" என்று சுரப்பி செல்களுக்குச் சொல்லிவிடுகிறது. சுரப்பு குறையக் குறையப் பாலின் குணமும் மாறுகிறது. லாக்டோஸ் என்னும் சர்க்கரை குறைந்து, சோடியமும் நோய் எதிர்ப்புப் புரதங்களும் அடர்த்தியாகின்றன. கடைசிக் காலப் பால் சற்று உப்புக் கரிப்பது இதனால்தான். முழுவதும் நின்றபின், பால் சுரந்த செல்களில் பெரும்பாலானவை தாமாகவே அழிய, அந்த இடத்தைக் கொழுப்புச் செல்கள் நிரப்புகின்றன.

ஆகவே ஒரே நாளில் நிறுத்துவது தாய்க்கு ஆபத்து. பால் கட்டிக்கொண்டு வலி, வீக்கம், சில வேளை காய்ச்சலோடு மார்பக அழற்சியும் வரலாம். ஒரு வேளைப் பாலை விட்டு, சில நாள் கழித்து அடுத்த வேளையை விடுவதே உடலுக்கு ஏற்ற வழி.

தண்ணீர்மலைக் குரங்கும் இப்படித்தான்

தண்ணீர்மலை அருகே தாவரவியல் பூங்காவுக்குப் போனால், கண்ணைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி போட்டதுபோன்ற லோத்தோங் குரங்குகளைப் பார்க்கலாம். அவற்றின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் தாயைப்போலச் சாம்பல் நிறமாகிவிடும். ஆரஞ்சு நிறக் குட்டியைத் தாய் மட்டுமல்ல, கூட்டத்திலுள்ள மற்றப் பெண் குரங்குகளும் வாங்கித் தூக்கிக்கொள்கின்றன.

பால் மறக்கும் பருவத்தில் பல குரங்கினங்களின் குட்டிகள் நம் தம்பியைப் போலவே அடம்பிடித்துக் கத்துகின்றன. இதற்கு 1974இல் ஒரு விளக்கம் தந்தார் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ். தாய்க்கு எல்லாப் பிள்ளைகளும் சமம். ஒவ்வொருவரிடமும் அவளது மரபணுவில் பாதி இருக்கிறது. குழந்தைக்கோ தன் மரபணு முழுவதும் தன்னிடம்; கூடப் பிறந்தவரிடம் சராசரியாகப் பாதிதான். எனவே அடுத்த பிள்ளைக்கும் சக்தியைச் சேமிக்கத் தாயின் உடல் விரும்பும் நேரத்தில், இந்தப் பிள்ளை "இன்னும் கொஞ்சம்" என்கிறது. அடிக்கடி பாலூட்டினால் அடுத்த கர்ப்பம் தள்ளிப்போவதும் இந்தக் கணக்கில் சேரும். யாரும் கெட்டவர் இல்லை. இருவரின் கணக்கும் வேறு, அவ்வளவுதான்.

எத்தனை வயதில் நிறுத்துவது என்பதும் இனத்துக்கு இனம் மாறும். பாலிலுள்ள பேரியம் என்னும் தனிமம், மரத்தின் ஆண்டு வளையம்போல் வளரும் பல்லின் அடுக்குகளில் பதிந்துவிடுகிறது. போர்னியோ, சுமத்ரா ஓராங் ஊத்தான்களின் பற்களை இப்படி ஆராய்ந்து, அவை எட்டு வயதுக்குப் பிறகும் இடையிடையே தாய்ப்பால் குடிப்பதை 2017இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

மனிதருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது: முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு 2 வயது வரை, விரும்பினால் அதற்கு மேலும். எனவே இரண்டு வயதுத் தம்பி பால் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மல்லிகை சரி, வேப்பெண்ணெய் வேண்டாம்

லிட்டில் இந்தியா பூக்கடைகளில் தொங்கும் மல்லிகைச் சரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பால் கட்டியிருக்கும்போது மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டார்கள். இரண்டுமே புரோலாக்டினைக் குறைத்தன. மாத்திரை அதிகமாகக் குறைத்தது. ஆனால் வீக்கத்தையும் சுரப்பையும் குறைப்பதில் இரண்டும் சமமாக இருந்தன. ஒரு சிறிய ஆய்வை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பாட்டி வைத்தியத்தைக் கேலியும் செய்யாமல், கண்மூடி நம்பவும் செய்யாமல் சோதித்துப் பார்ப்பதுதான் அறிவியல்.

அதே சோதனை வேப்பெண்ணெய்க்கு எதிராகத் தீர்ப்புச் சொல்கிறது. வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கப்பட்ட 13 குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். வாந்தி, மயக்கம், வேகமான மூச்சு, திரும்பத் திரும்ப வலிப்பு என்று அந்தக் குழந்தைகள் துன்பப்பட்டார்கள். அது மருந்தாகக் கொடுக்கப்பட்டது. பால் மறக்கத் தடவியது அல்ல. என்றாலும் குழந்தை வாய் வைக்கும் இடத்தில் அந்த எண்ணெயைத் தடவலாமா? கூடாது. பாட்டியிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பாலுக்குப் பதில் என்ன?

ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1930களில் இன்றைய கானாவில் பணியாற்றினார். அங்கே கால் வீங்கி, தோல் உரிந்து, மெலிந்து வரும் சிறு குழந்தைகளைக் கண்டார். கா மொழித் தாய்மார்கள் அந்த நோயைக் 'குவாஷியோர்கர்' என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நின்றபின் புரதம் குறைந்த சோளக் கஞ்சியே உணவானதுதான் காரணம் என்று அவர் எழுதினார். பின்னர் மலாயாவுக்கு வந்தவர், 1939இல் சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். கைக்குழந்தைகளுக்கு இனிப்புக் கட்டிப்பாலைக் கொடுக்கச் சொல்லும் விளம்பரங்களை அதில் கடுமையாகக் கண்டித்தார். பால் மறக்கும் குழந்தைக்கு முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம் கிடைக்கவேண்டும். தே தாரேக்குக் கலக்கும் கட்டிப்பால் அதற்கு ஈடாகாது.

இந்த அக்கறை பினாங்கில் ஓர் உலக அமைப்பாகவே வளர்ந்தது. 1991 பிப்ரவரி 14ஆம் நாள் உருவான உலகத் தாய்ப்பால் செயல் கூட்டணியின் தலைமையகம் பினாங்கில்தான் இருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவர் அன்வார் ஃபசால். ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகம் முழுவதும் கொண்டாடும் தாய்ப்பால் வாரத்தை 1992இல் தொடங்கியது இந்த அமைப்புதான்.

அம்மாவுக்கு என்ன ஆகிறது?

பால் நின்ற நாட்களில் சில தாய்மார்களுக்குக் காரணம் தெரியாத சோகம் வருகிறது. ஹார்மோன்கள் குறைவது ஒரு காரணமாக இருக்கலாம். கைக்குழந்தைப் பருவம் முடிந்துவிட்டதே என்ற ஏக்கமும் சேர்கிறது. அதே நேரம் இரவில் தூங்கலாம், தன் உடல் தனக்குத் திரும்பியது என்ற நிம்மதியும் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவது இயல்பு. சோகம் வாரக்கணக்கில் நீடித்தால் தாய்சேய் நலக் கிளினிக்கில் பேசுவது நல்லது.

அண்ணனோ அக்காவோ ஆன உங்களுக்கும் இதில் வேலை உண்டு. தூங்கும் நேரத்தில் தம்பிக்குக் கதை சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், தோளில் போட்டு நடங்கள். தண்ணீர்மலைக் கூட்டத்தில் மற்றக் குரங்குகள் குட்டியை வாங்கிக்கொள்வதில்லையா, அதைப்போல.

பெரியவர்கள் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்தைய நினைவுகள் இருப்பதில்லை. தம்பி உண்மையிலேயே பாலை மறந்துவிடுவான். அம்மா மறக்கமாட்டார். இன்றிரவு உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: "நான் எப்போம்மா பால் மறந்தேன்?"