ஒளியை நம்பாத செடிகள்

பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் தாண்டிப் போனால் வரும் பரம்பிக்குளம் காட்டிலிருந்து கிடைத்த ஒரு சிறு செடிக்கு 1952இல் ஹேப்லோதிஸ்மியா எக்ஸன்னுலேட்டா என்று பெயரிட்டார்கள். அதற்கு இலையும் கிடையாது, பச்சை நிறமும் கிடையாது. அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே இனம்தான். பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது யார் கண்ணிலும் படவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் அதே காட்டில் மறுபடியும் கண்டுபிடித்தார்கள்.

பச்சையம் இல்லாத செடி எதைத் தின்று வாழ்கிறது? மட்கிய இலைகளை நேரடியாக உறிஞ்சுகிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1960இல் சுவீடனின் எரிக் பியோர்க்மன் கதிரியக்கக் கரிமம் கொண்ட சர்க்கரையை மரங்களுக்குள் செலுத்திப் பார்த்தார். அந்தக் கரிமம் அருகில் நின்ற, பச்சையமில்லாத மோனோட்ரோபா செடிக்குள் வந்து சேர்ந்திருந்தது. மரத்தின் வேரோடு உறவு வைத்திருக்கும் பூஞ்சை, தான் பெற்ற சர்க்கரையை மண்ணுக்கடியில் இழைவழியே கடத்துகிறது. செடி அந்தப் பூஞ்சையைச் சுரண்டி வாழ்கிறது.

இச்செடிகளை வகைப்படுத்துவது எளிதல்ல. இலை போய், தண்டு சுருங்கி, ஒளிச்சேர்க்கைக்கான மரபணுக்களும் உதிர்ந்துவிட்டதால் உறவு கண்டுபிடிக்க உதவும் அடையாளங்களே குறைவு. முழுக்கப் பூஞ்சையை நம்பி வாழும் இனங்கள் உலகில் ஏறக்குறைய ஐந்நூறு. இவை ஒரே குலத்தில் வந்தவை அல்ல. பூக்கும் தாவரங்களின் வெவ்வேறு கிளைகளில் நாற்பது முறைக்கும் மேல் இந்த வாழ்முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. ஆர்க்கிடுகள் இதில் முன்னணியில் நிற்பதில் வியப்பில்லை. பச்சை இலையோடு வாழும் ஆர்க்கிடும் முளைக்கும் பருவத்தில் பூஞ்சை ஊட்டித்தான் வளர்கிறது; சில இனங்கள் அந்தப் பருவத்தை விட்டு வெளியே வரவே இல்லை. நம் மலைகளிலும் காணப்படும் எபிபோகியம் ரோசியம் அப்படிப்பட்டது.

வெப்பமண்டல மழைக்காடுகளில்தான் இவற்றின் வகை மிகுதி. மரங்கள் அடர்ந்து தரைக்கு ஒளியே எட்டாத இடத்தில் இலை வைத்திருப்பதால் பெரிய லாபமில்லை. ஈரமோ ஆண்டு முழுதும் பூஞ்சையைக் காக்கிறது. வாய்ரியா பேரினம், மேற்கு ஆப்பிரிக்காவின் ஓர் இனம் தவிர, முழுக்க அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. ஆப்ரோதிஸ்மியா ஆப்பிரிக்காவில் மட்டும் உண்டு. திஸ்மியா ஆசியா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா என்று பரவிக் கிடக்கிறது.

திஸ்மியாவின் பூவை ஒருமுறையாவது உற்றுப் பார்க்க வேண்டும். சருகை விலக்கினால் விரல் உயரத்துக்குள் ஒரு குட்டி விளக்குக்கூண்டு நிற்கும். போர்னியோவின் திஸ்மியா நெப்டியூனிஸ் பூவில் மூன்று நீண்ட இழைகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். 1866இல் இத்தாலியரான ஒடோவார்டோ பெக்காரி சரவாக்கில் பார்த்து வரைந்த அந்தச் செடி, அடுத்து மனிதர் கண்ணில் பட்டது 2017இல்!

அரிய செடி என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. ஆண்டின் பெரும்பகுதி இவை மண்ணுக்குள் கிடக்கின்றன; மழையில் சில வாரங்கள் பூத்து, விதை உதிர்த்து, மறைந்துவிடும். கோடையில் போய்க் காட்டைக் கணக்கெடுக்கும் எவருக்கும் இவை இல்லாத செடிகளே. அந்த அறிக்கையை வைத்து அணைக்கோ சாலைக்கோ அனுமதி கொடுத்தால், இருப்பதே தெரியாமல் ஓர் இனம் அழியும். சிகாகோவின் ஈரப் புல்வெளியில் 1912இல் கிடைத்த திஸ்மியா அமெரிக்கானாவை 1916க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்த நிலம் தொழிற்பேட்டை ஆகிவிட்டது.

தோண்டி எடுத்துத் தோட்டத்தில் நட்டுக் காப்பாற்றவும் முடியாது. செடிக்குப் பூஞ்சை வேண்டும், பூஞ்சைக்கு அந்த மரம் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் எந்தத் திட்டத்துக்கும் முன்பு செய்யப்படும் தாவரக் கணக்கெடுப்பு, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு சுற்றாவது நடந்தே ஆக வேண்டும். அதை விதியாக்க வனத்துறை இனியும் தாமதிக்கக் கூடாது.