உப்புநீரில் புளிக்கும் வெள்ளரிப்பிஞ்சு

ஊறுகாய் என்ற சொல்லைக் கேட்டதும் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் நம் நினைவுக்கு வருகின்றன. எண்ணெயோ காடியோ சிறிதும் சேராமல், உப்பையும் நீரையும் மட்டும் துணையாகக் கொண்டு, காய் தன் புளிப்பைத் தானே ஈட்டிக்கொள்ளும் முறையும் ஒன்று உண்டு. போலந்து, உக்ரேன், ருஷ்யா ஆகிய நாடுகளில் வெள்ளரிப்பிஞ்சை ஜாடியிலிட்டு இவ்வாறே பக்குவப்படுத்துகின்றனர். நம் நாட்டிற்கும் இது புதிதன்று. வட இந்திய இல்லங்களில் குளிர்காலத்தில் கருங்காரட்டையும் கடுகுப்பொடியையும் உப்புநீரிலிட்டு, வெயிலில் வைத்துக் காஞ்சி என்னும் பானம் செய்கிறார்கள். சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைகளிலும் நேபாளி மொழி பேசுவோர், முற்றிய வெள்ளரியை நறுக்கி வாட்டி, மூங்கில் குழாயில் அடைத்துச் சில நாட்கள் புளிக்கவிடுகின்றனர். பின் கடுகெண்ணெயும் மிளகாயும் சேர்த்து அதைக் கல்பி என்ற ஊறுகாயாக்குகின்றனர். வெள்ளரியின் பூர்விகமே இமயத்தின் அடிவாரம்தான் என்பர் தாவர நூலார்.

புளிப்பது வேறு, அழுகுவது வேறு. இவ்விரண்டையும் பிரிப்பது எது என்று அறிந்துகொண்டால் ஜாடியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வெள்ளரியின் தோலிலேயே பலவகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உப்புநீர், அவற்றுள் காயை அழுகச் செய்பவற்றை அடக்குகிறது. உப்பைத் தாங்கவல்ல லாக்டிக் பாக்டீரியாக்களுக்கு இடங்கொடுக்கிறது. அவை காயிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகின்றன. பால் தயிராவதும் இவ்வகை உயிர்களாலேயே. இப்புளிப்பு நுண்ணுயிர்களின் செயல் என்பதை 1857-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார். புளிப்பு மிக மிகப் பி.எச். எண் இறங்கும். அது 4.6-க்குக் கீழே சென்றபின், கொடிய நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமி வளர இயலாது. ஆகவே புளிப்பே இங்குச் சுவை. புளிப்பே காவலும் ஆகும்.

இனிச் செய்முறையைக் காண்போம். விரல் நீளமுள்ள, விதை முற்றாத, அன்றே பறித்த பிஞ்சுகள் 1 கிலோ வேண்டும். அவற்றை மெதுவாகக் கழுவி, இரண்டு மணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டு வைக்கவும். வெந்நீர் ஊற்றலாகாது, நமக்கு வேண்டிய உயிர்கள் மடிந்துவிடும். பூ இருந்த நுனியை மெல்லியதாகச் சீவி எறிய வேண்டும். காயைக் குழையச் செய்யும் என்ஸைம்கள் அப்பகுதியில்தான் மிகுதி.

1 லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, 60 கிராம் கல்லுப்பைக் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடவும். உப்பைக் கரண்டியால் அளவாமல் நிறுத்தே போடவேண்டும். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நில்லா. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே என்பதால், ஊற ஊற உப்பின் கரிப்பு குறையும். தொடக்கத்தில் அதிகமாகத் தோன்றுவது இதனாற்றான்.

பீங்கான் ஜாடியோ கண்ணாடி ஜாடியோ ஏற்றது. மெருகு வெடித்த ஜாடியும், செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களும் ஆகா. அடியில் உரித்த பூண்டு, மிளகு, கடுகு, காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி சதகுப்பை ஆகியவற்றை இடவும். மேலைநாட்டார் இதற்குச் சேர்க்கும் டில் என்பது நம் சதகுப்பையே. இரண்டு திராட்சை இலைகள் கிடைத்தால், அவற்றின் துவர்ப்பு காயை மொறுமொறுப்பாக வைத்திருக்கும். காய்களை நெருக்கமாக அடுக்கி உப்புநீரை ஊற்றி, மேலே சிறு தட்டை வைத்துக் கழுவிய கல்லொன்றைப் பாரமாக ஏற்றவும். ஒரு காயின் முனைகூட நீருக்கு மேலே தெரியலாகாது. காற்றுப்பட்ட இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். நீர் பொங்கி வழியாதிருக்க மேலே மூன்று விரற்கடை இடம் விட்டு, துணியால் வாய்கட்டவும்.

இதற்கு உகந்த வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் அளவு. டில்லியில் உள்ளோர்க்குக் கார்த்திகையும் மாசியும், பெங்களூரில் உள்ளோர்க்கு மார்கழியும் தையும் நல்ல பருவங்கள். சென்னை, பம்பாய் போன்ற வெப்பமான ஊர்களில் புளிப்பு விரைந்து ஏறும். காயும் விரைந்து குழையும். அங்கே நன்றாகப் புளித்தவுடன் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் குமிழிகள் எழும், நீர் கலங்கும், பச்சை நிறம் மங்கும். இவை நல்ல அறிகுறிகளே. மிதமான குளிரில் ஒரு வாரத்தில் இளம்புளிப்பும், மூன்று வாரத்தில் முழுப்புளிப்பும் கூடும். அறுத்துப் பார்த்தால் உள்ளே வெண்மை நீங்கிக் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். மேலே வெண்ணிற ஏடு படர்ந்தால் அன்றாடம் வழித்தெடுக்கலாம். பச்சை, கறுப்பு, செந்நிறப் பூஞ்சையோ, கொழகொழப்போ, அழுகல் நாற்றமோ கண்டால் ஜாடி முழுவதையும் கொட்டிவிட வேண்டும். பொருள் வீணாகிறதே என்று சுவைத்துப் பார்ப்பது தகாது.

இரத்த அழுத்தமுள்ளவர் வீட்டில், உப்பைப் பாதியாக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அன்பினால் எழும் அவ்வெண்ணமே இங்குத் தீங்காக முடியும். உப்புக் குறைந்த ஜாடியில் காவல் குறைகிறது, அழுகல் முந்திக்கொள்கிறது. ஜாடியில் உப்பைக் குறையாது இட்டு, இலையில் ஊறுகாயைக் குறைத்துப் பரிமாறுவதே முறை. உண்பதற்கு முன் துண்டுகளைச் சிறிது நேரம் நல்ல நீரில் போட்டெடுத்தால் கரிப்பும் தணியும். மருத்துவர் உப்பை அடியோடு விலக்கியிருப்பின், இவ்வூறுகாயையும் விலக்குவதே நன்று.

அளவான உப்பு, நீருக்குள் அமிழ்ந்த காய், மிதமான குளிர் ஆகிய இம்மூன்றும் அமைந்தால் எஞ்சிய வேலையைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செய்து முடிக்கும். நம் பங்கு, நாள்தோறும் ஒருமுறை துணியை விலக்கிப் பார்ப்பதுதான்.