வெக்கை நோய் ஒழிந்த வரலாறு: தடுப்பூசியும் சமூக உறவுகளும்

பண்டைத் தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு என்பதை இலக்கிய மாணவர் அறிவர். அச்செல்வம் குறுகிய காலத்துள் அழிந்துபோவதன் விளைவுகளை, 1880களின் இறுதியில் எதியோப்பியாவிற் பரவிய வெக்கை நோயில் நாம் காணலாம். மாடுகளில் மிகப் பெரும்பகுதி மாண்டது. உழவெருதின்றி உழவு நின்றது. பெரும் பஞ்சம் தொடர்ந்தது. 1896இல் தென்னாபிரிக்காவையும் அந்நோய் தாக்கியபோது, மந்தையிழந்தோர் பலர் கூலியுழைப்பை நாடவேண்டியவராயினர். உற்பத்திச் சாதனத்தையே அழிக்கும் இந்நோயை வெறும் மருத்துவப் பிரச்சினையாக நோக்குதல் பொருந்தாது.

1960 அளவில், கென்யாவின் முகுகா ஆய்வுநிலையத்தில் வோல்ற்றர் பிளௌரைற் குழுவினர் சிறந்ததொரு தடுப்பூசியை உருவாக்கினர். கன்றின் சிறுநீரகக் கலங்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து வீரியங் குறைக்கப்பட்ட வைரசே அதன் அடிப்படை. ஒருமுறை ஏற்றினால் ஆயுள் முழுவதும் பாதுகாப்புண்டு. கால்வாய் நோயோ பல வகைகளை உடையது; அதற்குத் திரும்பத்திரும்ப ஊசி ஏற்றவேண்டும். தொண்டையடைப்பானுக்கும் ஆண்டுதோறும் ஏற்றுதல் வழக்கம். அவற்றோடு ஒப்பிடுமிடத்து வெக்கை நோய் எளிதில் வெல்லத்தக்கது.

அவ்வாறாயின் அதை ஒழிக்க அரை நூற்றாண்டு சென்றது ஏன்? 1962 முதல் 1976 வரை ஆபிரிக்காவில் நடைபெற்ற பாரிய இயக்கம் நோயைப் பெரிதும் ஒடுக்கியது. பின்னர் ஊசி ஏற்றுதல் தளர, 1980களின் தொடக்கத்தில் நோய் மீண்டும் பரவிற்று. தடுப்பூசி வெப்பத்திற் கெட்டுவிடும். பனிக்கட்டிப் பெட்டியோடு வாகனம் செல்லும் தெருவோரம்வரையே அது சென்றது. தெருவற்ற மேய்ச்சல் நிலங்களிலும் போர்ப் பிரதேசங்களிலும் நோய் எஞ்சிற்று.

1990 அளவில், குளிரூட்டலின்றி ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும் தடுப்பூசி கிடைத்தது. ஆயினும் திருப்பத்தை ஏற்படுத்தியது அது மட்டுமன்று. எதியோப்பியாவின் அபார் பகுதியிலும் தென் சூடானிலும் மேய்ப்பரே பயிற்சி பெற்று ஊசி ஏற்றினர். எழுத்தறியாதார் கையில் ஊசியைக் கொடுப்பதா எனப் பட்டம் பெற்றோர் சிலர் தயங்கினர் (நமது பல்கலைக்கழகங்களுக்கும் அந்தக் குரல் புதிதன்று). ஆனால் நோய்க்குத் தம் மொழியிலேயே பெயரிட்டு, அறிகுறிகளைப் பிரித்தறிந்து, அது எங்கு பதுங்கியுள்ளது என்று கூறக்கூடியவராயிருந்தவர் அம்மேய்ப்பரே.

இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. நெடுங்காலம் இங்கு காணப்படாத வெக்கை, 1987இல், இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்து சேர்ந்தது. போர்ச் சூழலிலே அதைக் கட்டுப்படுத்தச் சில ஆண்டுகள் சென்றன; 1994க்குப் பின்னர் அது இங்கு தோன்றவில்லை. உலகில் இறுதியாக 2001இல் கென்யாவிற் காணப்பட்ட இந்நோய், 2011இல் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் ஒழித்த நோய் இதுவே.

இதன் உறவுடைய ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிப்பதென 2015இல் இலக்கு வகுக்கப்பட்டுள்ளது. அதற்கும் நல்ல தடுப்பூசி உண்டு. ஆனால் ஆடு பெரும்பாலும் ஏழைகளின், குறிப்பாகப் பெண்களின் உடைமை; ஒரு மாட்டைவிட மலிவான அந்த உயிருக்கு ஊசி ஏற்றும் செலவை யார் பொறுப்பது என்பதிலேயே இன்றும் இழுபறி நிலவுகின்றது.