சித்தன்னவாசலின் நீலம், வெர்மீரின் நீலம்

ஜெகதாப்பட்டினம் பாக் நீரிணைக் கரையில் இருக்கிற மீன்பிடி ஊர். அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் உட்பகுதியில், புதுக்கோட்டை நகரிலிருந்து 16 கிலோமீட்டர் தொலைவில், சித்தன்னவாசல் பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில் இருக்கிறது. அறிவர் கோயில் என்று பெயர். மேற்கூரையில் ஒரு தாமரைக் குளத்தின் ஓவியம்: யானை, எருமை, மீன், பறவை, நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இக்கோயிலைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

ஓவியத்தை எல்லோரும் பாராட்டுகிறார்கள். வண்ணம் எதனால் ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் 1930களில் தமிழகத்தின் பழைய சுவரோவியங்களை ஆராய்ந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டார். சித்தன்னவாசலின் வெள்ளை, சுண்ணாம்பு. கருப்பு, கரி. சிவப்பும் மஞ்சளும் காவிக் கற்கள். பச்சை, ஒருவகைப் பச்சை மண். நீலம் மட்டும் லாபிஸ் லசூலி என்ற அரிய கல்லின் பொடி. பழைய உலகத்துக்கு அந்தக் கல்லைத் தந்த முக்கியமான சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் இருந்தன. மற்ற நிறங்களெல்லாம் மண்ணும் கரியுமாக இருக்க, இது ஒன்று மட்டும் வணிகர் கைகள் பல மாறித்தான் வந்திருக்க முடியும்.

சுமார் 800 ஆண்டுகளுக்குப் பிறகு, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் யோஹனஸ் வெர்மீர் அதே கல்லின் நீலத்தைத் தூரிகையில் எடுத்தார். 1665 வாக்கில் அவர் வரைந்த ‘முத்துத் தோடணிந்த பெண்’ ஓவியத்தில் தலைத்துணி அந்த நீலம்தான். கல்லை வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். உள்ளே வெண்கல்லும் கந்தகக் கனிமங்களும் கலந்திருக்கும். ஆகவே பொடியை மெழுகு, குங்கிலியம், எண்ணெய் சேர்த்து மாவாகப் பிசைந்து, காரநீரில் அமுக்கி அமுக்கி நீலத்தை மட்டும் பிரித்தெடுத்தார்கள். விலை மிக அதிகம். 1675இல் கடனோடு இறந்த வெர்மீர், வேறோர் ஓவியத்தில் சிவப்பு ஆடைக்கு அடிப்பூச்சாகக்கூட இதைப் பயன்படுத்தியிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அந்த ஒளி வேண்டும் என்று நினைத்த கலைஞர் அவர்.

ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகம் 2018இல் ‘முத்துத் தோடணிந்த பெண்’ ஓவியத்தை நுணுகி ஆராய்ந்தது. உதட்டுச் சிவப்பில் மெக்சிகோவின் கள்ளிச்செடிகளில் வாழும் பூச்சியின் சாயம் இருந்தது. இன்று கருப்பாகத் தெரியும் பின்புலம் அப்போது பச்சைத் திரை. அவுரி நீலமும் மஞ்சள் தாவரச் சாயமும் கலந்து வரைந்தது, காலத்தில் மங்கிவிட்டது. அவுரி என்றதும் நம் கரை நினைவுக்கு வரும். பழவேற்காட்டிலும், 1658இல் கைப்பற்றிய நாகப்பட்டினத்திலும் இருந்த டச்சு வணிகர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து துணியோடு அவுரியையும் ஏற்றிச் சென்றார்கள். வெர்மீரின் திரைக்கு அவுரி எங்கிருந்து வந்தது என்பது வேறு கதை.

டச்சு ஓவியர்களின் வெள்ளை நம்முடையதைப் போன்றதன்று. ஈயச் சுருள்களை வினிகர்ப் பானைகளில் வைத்துக் குதிரைச் சாணத்தில் புதைப்பார்கள். சாணத்தின் சூட்டிலும் அது விடும் கரியமில வாயுவிலும் ஈயம் வெள்ளைப் பொடியாகும். ரெம்பிராண்ட் தடித்துத் தடித்துப் பூசிய வெள்ளை அதுதான். எண்ணெய்க்குள் அது நீடிக்கும். சுவரில் காற்றுப் பட்டால் கறுத்துவிடக்கூடும். அதோடு சுண்ணாம்பின் காரம் தாவரச் சாயங்கள் பலவற்றை விட்டுவைக்காது. சித்தன்னவாசல் ஓவியர்கள் மண்ணையும் கல்லையும் நம்பியதற்கு இந்தக் காரணமே போதும். வறுமையோ அறியாமையோ அதற்குக் காரணமில்லை. சுவருக்கு எது ஒத்துப்போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. லாபிஸ் நீலம் அமிலத்தில் வெளிறும், காரத்தைத் தாங்கும். எண்ணெயிலும் சுண்ணாம்பிலும் நிலைக்கும். வெர்மீர் காலத்து டச்சு ஓவியர்கள் மலிவு விலைக்கு வாங்கிய கோபால்ட் கண்ணாடி நீலமோ எண்ணெயில் சாம்பலாகிப்போனது. ரெம்பிராண்டின் படங்களில் இதைக் காணலாம்.

1820களில் பிரான்சில் லாபிஸ் நீலத்தைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு அரசர்களின் நிறம் ஏழை வீட்டுக்கும் வந்தது. வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலமும் சுண்ணாம்பு அடிக்கும்போது வாளியில் கலக்கிய நீலமும் பெரும்பாலும் அதுவே.

சித்தன்னவாசல் ஓவியத்தில் பல பகுதிகள் உதிர்ந்துபோயின. மிச்சமிருப்பதைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஜெகதாப்பட்டினத்துப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகும்போது, யானையையும் தாமரையையும் காட்டுகிற ஆசிரியர் அந்த நீலம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.