ஆபத்துக்குப் பின் அருகிருக்கும் நாய்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தை அறிந்த நேயர்களுக்கு அவ்விடத்துச் சந்துகளை வருணிக்க வேண்டுவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாகச் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்துவரும் பேட்டை அது. அத்தகைய சந்து ஒன்றில் நள்ளிரவில் தீப்பற்றியதாக வைத்துக்கொள்வோம். தீயணைப்பு வண்டி வருகிறது, நெருப்பு அணைகிறது, உயிர்ச்சேதம் இல்லை. எரிந்துபோன பண்டபாத்திரங்களுக்கு அதிகாரிகள் கணக்கு எழுதிக்கொள்கின்றனர். ஆனால் அன்று முதல் வாய் திறவாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சிறுமியின் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இக்கேள்விக்கு மேல்நாட்டார் கண்ட விடைகளுள் ஒன்று, பயிற்சி பெற்ற நாய். நாய் என்றதும் இடிபாடுகளிடையே மோப்பம் பிடிக்கும் நாயே நம் நினைவுக்கு வரும். 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூகம்பம் நேர்ந்தபோது, நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாய்கள் அங்கு சென்று, இடிபாட்டினுள் உயிரோடு கிடந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை மீட்க வழிகாட்டின. அவற்றின் வேலை தேடுவது. நாம் இங்கே கூறும் நாயின் வேலையோ, மீட்கப்பட்டவரின் பக்கத்தில் அமைதியாக இருப்பது.

இதில் என்ன பயன் என்று கேட்கலாம். பேராபத்தில் சிக்கியவரின் உடல், ஆபத்து நீங்கிய பின்னும் அதை நம்புவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் வருவதில்லை, பேச நினைத்தாலும் சொல் எழுவதில்லை. போலீஸாரும் நிருபர்களும் உறவினரும் மாறி மாறிக் கேள்வி கேட்கிறார்கள். நாயோ எதையும் கேட்பதில்லை. அதன் முதுகைத் தடவிக்கொண்டிருக்கையில் பலருக்கு மூச்சு மெள்ளச் சீர்ப்படுகிறது. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது, இருவர் உடலிலும் ‘ஆக்ஸிடோஸின்’ என்னும் சுரப்பு மிகுதிப்படக்கூடும் என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 2015-ல் வெளியிட்டனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசம் வளரத் துணைசெய்வதும் இச்சுரப்பே.

அமெரிக்க உளநூல் அறிஞர் போரிஸ் லெவின்ஸன், தம் நாய் ‘ஜிங்கிள்ஸ்’ உடனிருந்தபோது, எவருடனும் ஒட்டாத சிறுவன் ஒருவன் மனந்திறக்கத் தொடங்கியதைக் கண்டு 1962-ல் எழுதினார். 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் தாக்குதலுக்குப் பின், நியூயார்க்கில் உற்றாரை இழந்த குடும்பங்களுக்காக அமைத்த உதவி நிலையத்திற்கு இத்தகைய நாய்கள் அழைத்துவரப்பட்டன. சென்னையிலும் புளூ கிராஸ் சங்கத்தார் ‘டாக்டர் டாக்’ என்ற திட்டத்தின் மூலம் சாதுவான நாய்களைக் குழந்தைகளிடம் அழைத்துச் சென்றதுண்டு.

எல்லா நாய்களும் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. அபாயச் சங்கு ஒலித்தாலும் மிரளாத சுபாவம் வேண்டும். முன்பின் அறியாதவர் அழுதுகொண்டே கட்டிக்கொண்டாலும் உறுமாத பொறுமை வேண்டும். நடத்திச் செல்பவருக்கும் பயிற்சி அவசியம். சம்மதம் கேட்ட பின்னரே நாயை அருகில் விடுவர். நாயைக் கண்டு அஞ்சுபவரை வற்புறுத்துதல் தீங்காகும். பிறர் துயரத்தின் நடுவே நெடுநேரம் இருந்தால் நாயும் களைத்துவிடும். ஆகையால் அதற்கும் ஓய்வு தர வேண்டும். சந்தில் திரியும் நாயை இந்நோக்கத்துடன் பிடித்து வருவது அபாயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் இப்பணி இன்னும் பரவவில்லை. எனினும் மனத்துயருக்கு வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிலையத்தார், 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கடற்கரை மக்களின் மனத்துயர் தீர்க்கும் பணியிலும் ஈடுபட்டனர். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, துயரத்தைத் தாய்மொழியில் சொல்ல இடம் இருப்பது சிறிய உதவியன்று.

அச்சேவையை அழைக்கும் மனநிலையே வாராத முதல் இரவில் செய்யத்தக்கது என்ன? அந்த நாய் செய்வதை நாமும் செய்யலாம். “என்ன நடந்தது?” என்று துருவாமலும், “அழாதே” என்று அடக்காமலும் ஒரு நாழிகை பக்கத்தில் அமர்ந்திருக்கலாம், குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கொடுக்கலாம். ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று வாசலில் தயங்கி நிற்கும் அண்டை வீட்டார், சொல் இல்லாமலே உள்ளே போகலாம். சிறுமி பேசும்போது பேசட்டும்.